ஐந்து ஸ்டார் முதல் ஸ்டாரே இல்லாதவர் வரை: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரெக்ரூட்டிங் தரவரிசை, கேள்வி பதில்

ரெக்ரூட்டிங் தரவரிசை என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு பரபரப்பு?

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உண்டு. போன சீசனில் கடைசி இடத்தில் முடித்த அணிதான் அடுத்த வருடம் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும். பலவீனமான அணி எழுந்து நிற்க விதியே கை கொடுக்கிறது. கல்லூரி ஃபுட்பாலில் அந்த ஏற்பாடு கிடையாது. பள்ளியில் ஆடும் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதை அவனும் அவன் குடும்பமும்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே ஜெயிக்கிற, பெரிய ஸ்டேடியம் வைத்திருக்கிற, தன் ஆட்களை என்எஃப்எல்லுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிற கல்லூரிக்கே நல்ல பையன்கள் மீண்டும் மீண்டும் போகிறார்கள்.

இந்தப் பையன்களை ஆளாளுக்கு மதிப்பிட்டு, எந்தக் கல்லூரி இந்த வருடம் எவ்வளவு நல்ல பேட்சைச் சேர்த்தது என்று வரிசைப்படுத்துவதுதான் ரெக்ரூட்டிங் தரவரிசை. மேல்மட்டமான எஃப்பிஎஸ் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பட்டத்தை நினைத்துப் பார்க்கக்கூடியவை எவை என்பது களத்தில் பந்து உதைபடுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடுகிறது. பரபரப்புக்குக் காரணம் அதுதான்.

இந்தப் பட்டியல்களை யார் தயாரிக்கிறார்கள்?

இணையம் வருவதற்கு முன் இது தனிமனிதர்களின் வேலை. சிகாகோவைச் சேர்ந்த டாம் லெமிங் 1970-களின் கடைசியிலிருந்து காரிலேயே நாடு முழுக்கச் சுற்றி, பள்ளி பள்ளியாகப் பையன்களைப் பார்த்து எழுதியவர். 2000-த்தை ஒட்டி ரைவல்ஸ், ஸ்காவுட் போன்ற தளங்கள் வந்தன. 2010-இல் ஷானன் டெர்ரி 247 ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார். ரைவல்ஸின் பின்னாலும் இருந்தவர் அவர்தான். 2021-இல் ஆன்3-ஐயும் அவரே தொடங்கினார். ஸ்காவுட் 2017-இல் 247-உடன் கலந்துவிட்டது. 2025-இல் ஆன்3 ரைவல்ஸை வாங்கியது. இவை போக ஈஎஸ்பிஎன் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

ஆக, இன்று நீங்கள் பார்க்கும் பட்டியல்கள் மூன்று நான்கு இடங்களிலிருந்துதான் வருகின்றன. அவற்றை எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து 247 வெளியிடுவது காம்போசிட். பல வருடங்களை ஒப்பிடுவதற்கு நான் நம்புவது அதைத்தான். ஒரு தளத்தின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு அதில் கொஞ்சம் கரைந்துவிடும்.

ஒரு பையனுக்கு ஐந்து ஸ்டார், இன்னொருவனுக்கு மூன்று என்று எப்படி முடிவாகிறது?

ஆட்ட வீடியோ, நேரில் பார்த்தது, கோடைகால கேம்ப்புகள், உயரம், எடை, ஓட்ட வேகம், எந்த அளவு பலமான பள்ளிகளுக்கு எதிராக ஆடினான் என்பது, இவை எல்லாம் சேர்ந்துதான். 247-இல் ஐந்து ஸ்டார் வருடத்துக்கு 32 பேர் அளவில்தான் கிடைக்கும். என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை மனதில் வைத்து அமைத்த கணக்கு அது. அடுத்த சில நூறு பேர் நான்கு ஸ்டார். மற்றபடி ஸ்காலர்ஷிப் பெறுகிற பெரும்பாலோர் மூன்று ஸ்டார். இரண்டு ஸ்டாரும், ஸ்டாரே இல்லாதவர்களும் உண்டு.

காம்போசிட்டில் ஒவ்வொருவருக்கும் 0.9742 என்பது போல நான்கு தசம இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்தக் கடைசி இலக்கங்களை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர் பொறியியல் கட்-ஆஃபில் 195-க்கும் 195.5-க்கும் நடுவில் எத்தனையோ பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பது போலத்தான் இதுவும். முப்பதாவது இடத்துக்கும் நாற்பதாவது இடத்துக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் காண முடியாது. முப்பதுக்கும் முந்நூறுக்கும் காணலாம்.

பெரிய கல்லூரி கூப்பிட்டாலே ஸ்டார் ஏறிவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

அதில் உண்மை இருக்கிறது. ஜார்ஜியாவோ ஒஹையோ ஸ்டேட்டோ ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்தால் தரவரிசை போடுபவர்கள் அவன் வீடியோவை இன்னொரு முறை பார்ப்பார்கள். கோச்சுகளின் கண்ணும் ஒரு தகவல்தானே. முழுநேரமும் இதையே தொழிலாகச் செய்கிற பயிற்சியாளர் குழு ஒருவனை விரும்புகிறது என்பதற்கு எடை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பெரிய அணியின் பேட்ச் கொஞ்சம் கூடுதல் பளபளப்போடு தெரிவதற்கு அது வழி செய்கிறது. கிராமப்புறப் பள்ளியில் ஆடுகிற, கேம்ப்புக்குப் போக வசதியில்லாத பையன் கண்ணில் படாமலே போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

அணிக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? சும்மா எல்லாரையும் கூட்டுவதா?

கூட்டினால் முப்பது பேரைச் சேர்த்த அணி, இருபது பேரைச் சேர்த்த அணியை எப்போதும் முந்திவிடும். சராசரி எடுத்தால், பத்தே பேரைச் சேர்த்த அணி முதலிடத்துக்கு வந்துவிடும். இரண்டையும் தவிர்க்க 247 ஒரு மணி வடிவ வளைவைப் பயன்படுத்துகிறது. அணியின் சிறந்த ஆளுக்கு முழு எடை. அடுத்தடுத்தவருக்கு எடை படிப்படியாகக் குறையும். இருபது இருபத்தைந்து பேரைத் தாண்டிய பிறகு சேர்கிற மூன்று ஸ்டார் மொத்த மதிப்பெண்ணை ஏறக்குறைய அசைக்கவே மாட்டான்.

ஆகவே பேட்சின் அளவையும் தலைக்குச் சராசரியையும் சேர்த்தே பாருங்கள். ஒன்பதாம் இடத்தில் இருக்கிற 18 பேர் கொண்ட பேட்ச், ஆறாம் இடத்தில் இருக்கிற 28 பேர் கொண்ட பேட்சைவிடத் தரத்தில் மேலாக இருப்பது சகஜம்.

சரி, இந்தத் தரவரிசை எதையாவது சரியாகச் சொல்கிறதா, இல்லை வெறும் வம்புப் பேச்சா?

சொல்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதில்தான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

பட் எலியட் என்ற எழுத்தாளர் பல வருடங்களாக ஒரு கணக்கு போட்டு வருகிறார். ப்ளூ சிப் விகிதம் என்று அதற்குப் பெயர். கடந்த நான்கு பேட்சுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நான்கு, ஐந்து ஸ்டார் பையன்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கோட்டைத் தாண்டும் அணிகள் எந்த வருடமும் இருபதைத் தொடுவதில்லை. 2011 முதல் 2024 வரையான பதினான்கு சீசன்களில் பட்டம் வென்ற ஒவ்வொரு அணியும் கோட்டுக்கு மேலே இருந்தது. பதினான்கு பட்டங்களையும் ஏழே கல்லூரிகள் பங்கிட்டுக்கொண்டன: அலபாமா ஐந்து, ஒஹையோ ஸ்டேட், கிளெம்சன், ஜார்ஜியா தலா இரண்டு, ஃபுளோரிடா ஸ்டேட், எல்எஸ்யூ, மிச்சிகன் தலா ஒன்று.

கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் இறுதி ஆட்டம் வரை வந்ததும் உண்டு. 2022 சீசனில் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தியது. அற்புதமான ஆட்டம். அடுத்து ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. அடுத்த வருடம் வாஷிங்டன் இறுதிக்கு வந்து மிச்சிகனிடம் 34-13 என்று அடங்கியது. ஒரு நாள் யாரையும் வெல்லலாம். ஆனால் சீசன் முடிகிற நேரத்தில், பாதிப்பேர் காயத்தோடு நிற்கும்போது, பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற இரண்டாம் வரிசை ஆட்களின் தரம்தான் தீர்மானிக்கிறது. ரெக்ரூட்டிங்கின் பலன் முதல் பதினொருவரைவிட அங்கேதான் அதிகம் தெரியும்.

ஆகவே இந்தத் தரவரிசை ஒரு அணி அதிகபட்சம் எவ்வளவு உயரம் போக முடியும் என்பதைச் சொல்கிறது. போகுமா என்பதைச் சொல்வதில்லை.

ஆனால் என்எஃப்எல்லில் மூன்று ஸ்டார், இரண்டு ஸ்டார் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பேட்ரிக் மஹோம்ஸ், லமார் ஜாக்சன், ஆரன் டொனால்ட் மூவரும் மூன்று ஸ்டார். ஜே.ஜே. வாட் இரண்டு ஸ்டார். சென்ட்ரல் மிச்சிகனில் தொடங்கி, ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆனாக விஸ்கான்சினுக்குப் போய் ஆளானவர். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்கிற விவசாய ஊரில் வளர்ந்த ஜாஷ் ஆலனுக்குப் பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போனார்.

இதை வைத்து 'ஸ்டாரெல்லாம் பொய்' என்பவர்கள் எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் ஐந்து ஸ்டார் 32 பேர். மூன்று ஸ்டார்கள் ஆயிரக்கணக்கில். ஆயிரக்கணக்கானவர்களில் சிறு பங்கு தேறினாலும் தலைகளாக எண்ணினால் அவர்களே அதிகம் இருப்பார்கள். தனி ஒருவன் டிராஃப்ட் ஆகிற வாய்ப்பை எடுத்துக்கொண்டால் ஐந்து ஸ்டார் பையனுக்குத்தான் அது பல மடங்கு அதிகம்.

தனி ஆள் என்று வரும்போது எதுவும் நடக்கலாம் என்பதும் நிஜம். காம்போசிட்டில் முழு மதிப்பெண் 1.0000 வாங்கிய இரண்டு குவார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்களை, பாருங்கள். 2002 பேட்ச் வின்ஸ் யங், டெக்சஸுக்கு 2005 சீசன் பட்டத்தை வாங்கிக் கொடுத்து, டிராஃப்டில் மூன்றாவது ஆளாகப் போனார். 2021 பேட்ச் குவின் யூவர்ஸ், ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து டெக்சஸுக்கு மாறி அணியைத் தொடர்ந்து இரண்டு முறை பிளேஆஃப் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆனால் டிராஃப்டில் ஏழாவது சுற்று வரை காத்திருக்க நேர்ந்தது. யூவர்ஸைத் தோல்வி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல்லூரி அணிக்கு அவர் என்ன செய்வார் என்று கணித்தார்களோ அதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டுத்தான் போனார்.

ஒரு வருடம் முதலிடம் பிடித்தால் போதாதா?

போதாது. இதற்கு 2022 டெக்சஸ் ஏ&எம்மைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருடம் அவர்கள் சேர்த்த பேட்ச், தரவரிசை போடத் தொடங்கிய நாளிலிருந்தே மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. குறிப்பாக டிஃபென்சிவ் லைனுக்கு, அதாவது தடுப்பு முன்வரிசைக்கு, வந்த பையன்களைப் பார்த்து நாடே வாய் பிளந்தது. பணத்தால் வாங்கிய பேட்ச் என்று அலபாமா கோச் நிக் சேபன் வெளிப்படையாகவே பேசினார். ஏ&எம் கோச் ஜிம்போ ஃபிஷர் மறுநாளே கோபமாகப் பதில் கொடுத்தார்.

அந்தச் சீசனில் ஏ&எம் சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்றது. மொத்தம் 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் ஃபிஷரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அந்த பேட்சில் பெரும்பகுதி, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கலைந்தது. வால்டர் நோலன் ஓல் மிஸ் போனார். எவான் ஸ்டூவர்ட் ஆரெகன் போனார்.

இதில் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் முதல் வருடத்திலேயே களத்தில் இறங்கி, தங்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்களோடு மோத வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் இருந்த பேட்சுகளில் போதுமான லைன் ஆட்கள் இல்லை. குவார்ட்டர்பேக் இடமும் உறுதியாக இல்லை. ஒரு நல்ல பேட்ச் பழுக்க இரண்டு மூன்று வருடம் வேண்டும். அந்த அவகாசம் கிடைப்பதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

அலபாமா எப்படி அவ்வளவு காலம் தாக்குப் பிடித்தது?

சேபன் 2007-இல் வந்தபோது அணி போன சீசனை 6-7 (6 வெற்றி, 7 தோல்வி) என்று முடித்திருந்தது. அவருடைய முதல் சீசன் 7-6, லூசியானா-மன்ரோவிடம்கூடத் தோற்றார்கள். ஆனால் 2008 பேட்சை ரைவல்ஸ் நாட்டிலேயே முதலிடத்தில் வைத்தது. ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டோன்டா ஹைடவர், மார்க் பேரன் எல்லாரும் அந்த ஒரே பேட்ச். 2009-இல் 14-0, பட்டம். வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது இங்ரமுக்கு, அலபாமாவுக்கே அது முதல் ஹைஸ்மன்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு வருடம் காம்போசிட்டில் முதலிடம். ஒரு ஐந்து ஸ்டார் என்எஃப்எல் போனால், அவனுக்குப் பின்னால் இரண்டு வருடம் பயிற்சி எடுத்த இன்னொரு ஐந்து ஸ்டார் தயாராக நிற்பான். சேபனின் ஆறு அலபாமா பட்டங்களும் இந்தத் தொடர்ச்சியின் பலன்.

அவரிடம் உதவிக் கோச்சாக இருந்த கர்பி ஸ்மார்ட் 2015 டிசம்பரில் ஜார்ஜியா போய் அதே முறையை அங்கே நட்டார். 2018-இல் அலபாமாவின் ஏழு வருட ஓட்டத்தை முறித்து முதலிடம் பிடித்தது ஜார்ஜியாதான். 2021, 2022 இரண்டு சீசனும் பட்டம். 2022 டிராஃப்டில் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் போனார்கள். அதில் முதல் சுற்றில் போன ஐவரும் டிஃபென்ஸ் ஆட்கள். அதே அணியின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் வாக்-ஆனாக வந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு அணிகளை ஒப்பிட வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம்?

நான் செய்வது இப்படி. முதலில் நான்கு வருடச் சராசரி, ஏனென்றால் களத்தில் நிற்பது நான்கு பேட்சுகளின் கலவை. அடுத்து, அந்த நான்கு பேட்சுகளில் இன்னும் எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள் என்பது. மூன்றாவதாக, அந்தத் தரத்துக்கு எதிரே களத்தில் கிடைத்த வெற்றிகளும் டிராஃப்டில் போன ஆட்களும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கோச்சின் கைவண்ணம் தெரியவரும்.

விஸ்கான்சினைப் பாருங்கள். ரெக்ரூட்டிங்கில் முப்பதாவது, நாற்பதாவது இடங்களிலேயே இருக்கும். ஆனால் 2014 முதல் 2019 வரையான ஆறு சீசன்களில் ஐந்தில் பத்து அல்லது அதற்கும் மேல் வெற்றி. தன் மாநிலத்தில் வளர்கிற பெருத்த லைன் பையன்களை எடுத்து, மூன்று வருடம் உடம்பை ஏற்றி, பிறகு களத்தில் இறக்குகிற பொறுமை அங்கே இருந்தது. அதே கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடுகிற கல்லூரிகளின் குழு) நெப்ராஸ்கா பெரும்பாலான வருடங்களில் விஸ்கான்சினைவிட மேலான பேட்சைச் சேர்த்தது. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன்களும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். பதினெட்டாவது இடத்துக்கும் முப்பத்தைந்தாவது இடத்துக்கும் உள்ள தூரம் பட்டியலில் தெரிகிற அளவு களத்தில் இல்லை. மேலே உள்ள ஐந்தாறு அணிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் நிஜமானது.

1980-கள், 90-களின் அணிகளை இன்றைய எண்களோடு ஒப்பிட முடியுமா?

எண்களோடு முடியாது. அன்றைக்குக் காம்போசிட் கிடையாது. விதிகளும் வேறு: ஒரு அணி வைத்திருக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் 1978 முதல் 95, பிறகு படிப்படியாகக் குறைந்து 1994-இல் 85. நிறைய ஸ்காலர்ஷிப் வைத்திருந்த காலத்தில் பெரிய அணி தனக்குத் தேவையில்லாத நல்ல ஆளையும் பெஞ்சில் உட்கார வைக்க முடிந்தது. 85 ஆன பிறகு அந்த ஆள் வேறு கல்லூரிக்குப் போய் ஆடினான்.

ஆனால் கதைகளை ஒப்பிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது மயாமியும் நெப்ராஸ்காவும். 1979-இல் ஹவர்ட் ஷ்னெல்லன்பர்கர் மயாமிக்குக் கோச்சாக வந்தபோது அந்த அணியைக் கலைத்துவிடலாமா என்று கல்லூரி யோசித்த நேரம். அவர் தெற்கு ஃபுளோரிடாவைத் தனி மாநிலம் போல வரைந்துகொண்டு, 'இதற்குள் இருக்கும் நல்ல பையன் வெளியே போகக்கூடாது' என்று இறங்கினார். மற்ற கோச்சுகள் கால் வைக்கத் தயங்கிய ஏழ்மையான பகுதிகளுக்கும் போனார். 1984 ஜனவரியில், சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில், தோல்வியே காணாமல் வந்த நெப்ராஸ்காவை மயாமி 31-30 என்று வென்றது. நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன் ஒரு புள்ளி உதையால் சமன் செய்வதற்குப் பதிலாக இரண்டு புள்ளிக்கு முயன்று தவறவிட்ட ஆட்டம். சமன் செய்திருந்தாலே பட்டம் கிடைத்திருக்கும் என்பது பரவலான கருத்து. அந்தத் துணிச்சலை இன்றும் மதிக்கிறேன்.

நெப்ராஸ்காவின் சிக்கல் புவியியல். மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் இருபது லட்சம்தான். டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா போல வீட்டு வாசலில் நூற்றுக்கணக்கான நல்ல பையன்கள் கிடையாது. ஆஸ்போர்ன் உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பையன்களை வாக்-ஆன்களாக வைத்து லைனைக் கட்டினார். வேகத்துக்கு வெளிமாநிலங்களுக்குப் போனார். 1994, 1995, 1997 மூன்று பட்டம். 1994 சீசனுக்கான ஆரஞ்ச் பவுலில் தோற்றது அதே மயாமி, 24-17. அவர் போன சில வருடங்களில் அந்த முறை கைவிட்டுப் போனது. 2011-இல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறியதும் டெக்சஸில் இருந்த பிடியும் தளர்ந்தது. ஒரு கல்லூரியின் ரெக்ரூட்டிங் சரிவது எப்படி என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை.

தண்டனைகள் தரவரிசையைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் தாமதமாக. 2010-இல் விதிமீறலுக்காக யூஎஸ்சிக்கு (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மூன்று வருடத்தில் 30 ஸ்காலர்ஷிப் வெட்டப்பட்டது. தலைக்குச் சராசரி நன்றாகவே இருந்தது. ஆனால் பேட்சுகள் சிறுத்ததால் இரண்டாம் வரிசை மெலிந்தது. காகிதத்தில் பார்த்தால் இது தெரியாது. அக்டோபர், நவம்பர் ஆட்டங்களில் தெரியும்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு இந்தத் தரவரிசைக்கு மதிப்பு இருக்கிறதா?

பாதி மதிப்பு இருக்கிறது என்பேன். போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021-இல் ஒரு முறை மாறினால் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்று விதி தளர்ந்தது. அதே வருடம் ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் என்ஐஎல் உரிமை வந்தது. 2024-க்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2025-26 முதல் கல்லூரியே தன் வருமானத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரலாம். முதல் வருட உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், அது எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. ஸ்காலர்ஷிப் 85 என்ற வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது.

ஆகவே பள்ளி பேட்ச் தரவரிசை, டிரான்ஸ்ஃபர் தரவரிசை, இரண்டும் சேர்ந்த மொத்தத் தரவரிசை என்று இப்போது தனித்தனியாக வெளியிடுகிறார்கள். மூன்றாவதைப் பாருங்கள். 2021-க்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே கோட்டில் வரைந்து 'இந்தக் கல்லூரி சரிந்துவிட்டது' என்பது தவறான வாசிப்பு.

இண்டியானா பட்டம் வென்றதை எப்படி விளக்குவது?

இத்தனை வருடம் இதைப் பார்த்து வருகிறவர்களை உண்மையிலேயே உலுக்கிய விஷயம் இது. இண்டியானா, கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று. 2023-இல் 3-9. அந்தச் சீசன் முடிந்ததும் ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். தன் பழைய ஆட்கள் பத்துக்கும் மேற்பட்டோரைக் கூடவே அழைத்து வந்தார். 2024-இல் 11 வெற்றியோடு பிளேஆஃப். 2025-இல் 16-0. இறுதி ஆட்டத்தில் மயாமியை, மயாமியின் சொந்த ஸ்டேடியத்திலேயே, 27-21 என்று வென்றது.

ப்ளூ சிப் கோட்டுக்கு வெகு கீழே இருந்த அணி அது. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா பள்ளி முடிக்கும்போது முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போய், அங்கிருந்து இண்டியானா வந்து, ஹைஸ்மன் வாங்கினார்.

இதனால் ஸ்டார் கணக்கு செத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ப்ளூ சிப் விகிதம் பள்ளி பேட்சை மட்டும் எண்ணுகிறது. டிரான்ஸ்ஃபரில் வருகிறவரைச் சேர்ப்பதில்லை. சிக்னெட்டி எடுத்தது கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே நிரூபித்த, 22, 23 வயது ஆட்களை. பதினேழு வயதில் ஒருவன் எப்படி வருவான் என்று கணிப்பதைவிட, கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவனைக் கணிப்பது எளிது. அந்தச் சந்தை திறந்திருக்கும்வரை, நல்ல கண்ணும் கொஞ்சம் பணமும் உள்ள கோச்சுக்கு வழி இருக்கிறது. அதே இறுதிக்கு வந்த மயாமியும் தன் குவார்ட்டர்பேக் கார்சன் பெக்கை ஜார்ஜியாவிலிருந்து எடுத்திருந்தது.

தரவரிசையை எப்போது பார்ப்பது நல்லது?

கோடையில் பார்த்து மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். வாய்மொழியாக 'கமிட்' ஆனவன் கையெழுத்து போடும்வரை எதுவும் உறுதியில்லை. 2021 டிசம்பரில், நாட்டின் முதல் நிலை ஆட்டக்காரரான டிராவிஸ் ஹன்டர் ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு, கையெழுத்து நாளன்றே ஜாக்சன் ஸ்டேட்டுக்கு மாறினார். முன்பு பிப்ரவரி முதல் புதன்தான் பெரிய நாள். 2017-இல் டிசம்பர் முற்கூட்டிய கையெழுத்து வந்த பிறகு பெரும்பாலோர் அப்போதே முடித்துவிடுகிறார்கள். பேட்ச் தரவரிசையை டிசம்பரிலும், மொத்தத் தரவரிசையை ஜனவரியில் போர்ட்டல் மூடிய பிறகும் பார்த்தால் போதும்.

டெக்சஸில் இருக்கிறோம், மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். அவனுக்கு ஸ்டாரே இல்லை. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். பள்ளியில் ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஸ்டார் கிடையாது. ஸ்காலர்ஷிப்பைக் கொடுப்பது கோச். தரவரிசைத் தளம் அல்ல. அவன் ஆட்டங்களிலிருந்து சுருக்கமான, முதல் ஒரு நிமிடத்திலேயே நல்லது தெரிகிற மாதிரி வீடியோ தயாரித்து, அவன் அளவுக்குப் பொருந்தும் கல்லூரிகளின் அந்தந்த இடத்துக்கான கோச்சுக்கு அவனே எழுதட்டும். அந்தக் கல்லூரிகள் நடத்தும் கோடை கேம்ப்புக்குப் போவது, பொதுவான பெரிய கேம்ப்புகளைவிடப் பலன் தரும். பள்ளி கோச்சிடம் 'எந்த மட்டத்தில் இவன் ஆட முடியும்' என்று நேராகக் கேளுங்கள். எஃப்பிஎஸ்ஸுக்குக் கீழே எஃப்சிஎஸ், டிவிஷன் 2 இருக்கின்றன. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் படிப்பு உதவித்தொகை நல்லதாகக் கிடைக்கக்கூடிய கல்லூரிகள் உண்டு. ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. தேவையைப் பார்த்து உதவி தருவார்கள்.

105 பேர் வரம்பும் போர்ட்டலும் சேர்ந்து, பள்ளியிலிருந்து வருகிறவனுக்கான இடத்தைக் குறைத்திருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாக்-ஆன் இடங்களும் சுருங்கியிருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கேட்கும் பாடங்களையும் மதிப்பெண்ணையும் சரியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நன்றாக இருந்தும் அதில் தவறிப்போகிற பையன்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் ஸ்டார் ஏற்றித் தருகிறேன், கோச்சுகளிடம் அறிமுகப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.